செயலாளர் ஆண்டறிக்கை: வெள்ளாற்றுக் கழிமுகத்தின் மிதவை உயிரிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் கழிமுகத்தைக் காக்க இயங்கிவரும் நம் சங்கம், இவ்வாண்டு விலங்கு மிதவை உயிரிகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் நுண்ணிய விலங்குகளைக் கவனிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சுகளின் முதல் இரை இவையே என்பதால், மீனவக் குடும்பங்கள் நிறைந்த நம் சங்கத்துக்கு இது அடுப்பங்கரை வரை எட்டும் விஷயம்.

மெல்லிய கண்ணுடைய வலையைத் தோணியின் பின்னே இழுத்து, வலைமுனைக் குப்பியில் சேர்ந்ததை நுண்ணோக்கியில் வைத்தால், பெரும்பாலும் தெரிபவை ஒரு மில்லிமீட்டர் அளவை ஒட்டிய, இறால், நண்டுகளின் உறவினங்களான கோப்பிபாடுகளே. உணர்கொம்புகளை இருபுறமும் விரித்துத் துள்ளி நகரும் அக்கார்ஷியாவையும், இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்து திரியும் ஒய்தோனாவையும், இவ்விரு கோப்பிபாடு வகைகளையும், உறுப்பினர்கள் பலர் இப்போது பார்த்தவுடனே இனம் காண்கிறார்கள்.

கோடையில் கடல்நீருக்கு இணையாக ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு வரை ஏறும் உப்பு, ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. அப்போது கடல்சார் இனங்கள் குறைந்து, ரோட்டிஃபர்கள் எனும் நுண்ணிய நன்னீர் விலங்குகள் பெருகுகின்றன. அக்கார்ஷியா போன்றவற்றின் முட்டைகள் சேற்றில் காத்திருந்து, நிலைமை சீரானபின் பொரிக்க வல்லவை. கழிமுகம் ஆண்டுதோறும் மீண்டெழுவது இந்த ஒழுங்கை நம்பித்தான்.

பருவநிலை மாற்றம் கை வைப்பதும் இங்கேதான். நீர் சூடேறினால் கோப்பிபாடுகள் விரைவில் முதிர்ந்து, சிறிய உடலோடு நின்றுவிடுகின்றன. சூடேறிய நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளதால், கோடையில் உப்பு ஆற்றினுள் மேலும் ஏற வாய்ப்புண்டு. ஆயினும், வெப்பத்தைவிட மழையின் ஒழுங்கு குலைவதே பெரிய அடி என்பது என் கருத்து. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் கண்டதைப் போன்ற பெருமழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கும்போது, மிதவை உயிரிகள் இனம்பெருக்க அவகாசமின்றிக் கடலுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. மழை தள்ளிப்போகும் ஆண்டில் குஞ்சுகள் இரைதேடும் வேளையும் இரை பெருகும் வேளையும் பொருந்தாமற் போகக்கூடும். எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் சுமத்தவும் கூடாது. வெள்ளாற்றின் குறுக்கேயுள்ள சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே கோடையில் எவ்வளவு நன்னீர் வருகிறது என்பதும், இறால் பண்ணைக் கழிவு எங்கே விடப்படுகிறது என்பதும் இதே கணக்கில் சேர வேண்டியவை.

மழைக்காலத்தில் தோணி இறக்க இயலாததால், மிக முக்கியமான அந்த மாதங்களில் நம் பதிவேட்டில் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. எனவே வரும் ஆண்டில் படகுத்துறையிலிருந்தே வாரந்தோறும் நீர் எடுத்து வடிகட்டவும், வெப்பமானியும் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கவும், இனங்களைச் சரிபார்க்க இவ்வூரிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தின் உதவியைக் கோரவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழு இதற்கு ஒப்புதல் வழங்க வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார்.

இவண்,
செயலாளர்