கணக்கைப் பூட்டுவதற்கு முன் காரணம் சொல்லச் சொல்லுங்கள்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மேலான கவனத்துக்கு,

வணக்கம்.

சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை வைக்க வேண்டும், புகாரை 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று 2021-இல் விதி எழுதினீர்கள். 2023-இல் மேல்முறையீட்டுக் குழுக்களும் அமைத்தீர்கள். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடப்பதைச் சொல்கிறேன்.

என் அக்கா மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறார். கடை கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு தளத்தில் ஒரு பக்கம், கையில் ஒரு போன், அவ்வளவுதான். தீபாவளி நெருங்கும் நேரத்தில் அந்தக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். வழிகாட்டுதல்களை மீறிவிட்டாராம். எந்த வழிகாட்டுதல், எந்தப் படம் என்று ஒரு வரி இல்லை. வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்தால் யார் யார் பணம் போட்டார்கள் என்று தெரிகிறது. யாருக்கு அரக்கு, யாருக்கு மாம்பழ மஞ்சள், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பூட்டிய கணக்குக்குள் கிடக்கிறது. நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்ட ஒரு அம்மா, "காசை வாங்கிட்டு ஓடிட்டியா?" என்றே கேட்டுவிட்டார். முறையிடப் போனால், "முதலில் உள்நுழையவும்" என்கிறது திரை. உள்ளே போக முடியவில்லை என்பதுதானே ஐயா முறையீடே! மின்னஞ்சலுக்கு இயந்திரம்தான் பதில் போடுகிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. பூட்டுவதற்கு முன் காரணம் சொல்லட்டும். பூட்டிய பிறகு தமிழில் பேச ஒரு மனிதர் இருக்கட்டும்.

2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி போன்ற இந்தியச் செயலிகளை நீக்கியது. அமைச்சரே கண்டித்தார், பேச்சுவார்த்தை நடந்தது, சில நாட்களிலேயே செயலிகள் திரும்பி வந்தன. சந்தோஷம். சேலை விற்பவருக்காக எந்த அமைச்சர் பேசுவார்? ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக, சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2022-இல் அதே கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவர்களுக்கு அது டீச்செலவு. தேடுவது, பணம் அனுப்புவது, கடை நடத்துவது, கல்யாணத்துக்கு வரன் பார்ப்பது வரை நாலைந்து கம்பெனிகள் கைக்குள் போய்விட்டது. டிஜிட்டல் இந்தியா என்று நாமும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு வருவதென்றாலும் முதலில் அந்த நிறுவனத்தின் அலுவலரைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே கணக்கு பூட்டப்பட்டவர் உள்நுழையாமலே புகார் கொடுக்க வழி வைக்கவும், வந்த ஆர்டர்களின் விவரத்தையாவது எடுத்துக்கொள்ள அவகாசம் தரவும் அந்த நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். பூட்டுவதற்கு முன் காரணத்தை, தமிழில், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு தம்பி