நிறுத்தச் சொல்கிறீர்கள், திரும்பச் சேர்க்கச் சொல்வதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

முடக்குவாதம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று உங்கள் உடல்நலப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு பட்டியல் வருகிறது. பால், கோதுமை, முட்டை, தக்காளி, கத்திரிக்காய் என்று அது நீளும். வந்த அன்றே நாலு பேராவது அதை எனக்கு அனுப்பிவிடுவார்கள், பாவம், அக்கறைதான். ஆனால் பல வருஷமாக இந்த நோயோடும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கோடும் இருக்கிறவள் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் பாதி விஷயம்தான் இருக்கிறது.

உணவை நிறுத்திப் பார்ப்பது ஒரு சோதனை, அவ்வளவுதான். மூன்று நாலு வாரம் நிறுத்த வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றாக, நடுவில் சில நாள் இடைவெளி விட்டு, திரும்பச் சேர்க்க வேண்டும், காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது என்று தினமும் குறித்துக்கொண்டே. சலிப்பான வேலை. பாலையும் முட்டையையும் ஒரே நாளில் சேர்த்தால் எது கிளப்பிவிட்டது என்று தெரியாது. போதாக்குறைக்கு இந்த நோய் சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமலும் ஏறும், இறங்கும். அதனால் ஒரு தடவை வலித்ததை வைத்து முடிவு கட்டாமல், விட்டுப் பிடித்து மறுபடியும் பார்க்க வேண்டும். எனக்கு அப்படி மாட்டியது பால். தக்காளியும் கத்திரிக்காயும் ஒன்றும் செய்யவில்லை, தாராளமாகச் சாப்பிடுகிறேன். இன்னொருவருக்கு இது தலைகீழாக இருக்கலாம், பலருக்கு எதுவுமே சிக்காமலும் போகலாம். ரத்தத்தில் ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ளாத உணவைச் சொல்லிவிடுகிறோம் என்கிற சோதனைகளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி சாப்பிடுவது எது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நார்வேயில் 53 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சில நாள் உபவாசம், பிறகு பாலும், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதமும் இல்லாத சைவம் என்று இருந்தவர்களுக்கு நோய் தணிந்தது, ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பலன் இருந்தது. ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா, நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்திய தரைக்கடல் உணவுமுறையை மட்டும்தான், அதையும் நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது வேறு. வலி குறைந்ததும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வலி இல்லாதபோதும் உள்ளே நோய் எலும்பை அரிக்கலாம், அரித்தது திரும்பாது. வாரம் ஒரு முறை, இந்த நோயை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இன்னும் எடுத்துக்கொண்டுதான் நான் பாலை ஒதுக்கியிருக்கிறேன். இந்த நோய்க்கு நாள்பட எடுத்துவரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதே ஸ்டீராய்டு எலும்பையும் மெலியவைக்கும் என்பதால், பாலை விடுகிறவர் கால்சியத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, திரும்பச் சேர்க்கும் முறையையும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி