கையில் ஒரு காகிதம்

அன்புள்ள கமலா,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது என்பாய். சரி, தப்புதான். முழங்கால் பரவாயில்லை. மருமகளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேத்தி உன் பெயரைக் "கம்மா" என்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

தீபாவளிக்கு உன் மகனிடம் கொடுத்துவிட்டாயே, அந்தத் தடி நாவல், ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸின் "தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்", அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே "ராத்திரி படிக்காதே" என்று பென்சிலால் எழுதியிருந்தாய். ஹாஸ்டல் மொட்டைமாடியில் கதை சொல்லி எங்கள் எல்லோரையும் அலறவிட்டவள், இப்போது எனக்குப் புத்தி சொல்கிறாயா? ராத்திரிதான் படித்தேன். நாலு நாள் தூக்கம் போனது. ஆனால் நீ நினைத்த காரணத்துக்காக இல்லை.

சனிக்கிழமை நூலகக் கூட்டத்தில் கதையைச் சொன்னேன். 1912, அமெரிக்காவின் மொன்டானாவில் மைல்ஸ் சிட்டி என்ற ஊர், வயதான லூத்தரன் பாதிரியார். கறுப்புக் கண்ணாடி போட்ட, பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு ஆள் தேவாலயத்துக்கு வந்து, தான் ரத்தம் குடித்து உயிர்வாழும் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். ஊருக்கு வெளியே புல்வெளியில் தோலுரித்த மனித உடல்கள் கிடக்கின்றன. அந்த இடத்திலேயே மீனாட்சி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "மனுஷத் தோலை உரிப்பதெல்லாம் எதற்கு எழுதவேண்டும்?" என்றார். எதற்கென்றால், அந்த ஊர் பிழைத்ததே தோலில்தான், அக்கா என்றேன். நார்தர்ன் பசிபிக் ரயில் 1881இல் அங்கே வந்தது. அந்த வட்டாரத்திலிருந்து 1882இல் கிழக்கே போன காட்டெருமைத்தோல் 2 லட்சம். அடுத்த வருஷம் 40,000. 1884இல் ஒரே ஒரு வேகன். எருமை தீர்ந்துபோயிற்று, கமலா. உரித்த உடல்களை அப்படியே வெயிலில் அழுகவிட்டுப் போனார்கள். கதையில் எருமைக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்து காட்டுகிறார்கள். அக்கா அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஹெட்மாஸ்டர் சார்தான் விடவில்லை. "கதைக்கு அடியில் உண்மையில் நடந்த ஒரு படுகொலை இருக்கிறது என்கிறாய். அதை வரலாறாகவே எழுதியிருக்கலாமே, ரத்தக்காட்டேரி எதற்கு?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படுகொலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதனால்தான் தூக்கம் போனது.

1870 ஜனவரி 23, விடியற்காலை. மொன்டானாவில் மரையாஸ் ஆறு, பிளாக்ஃபீட் மக்கள் வாயில் கரடி ஆறு. அவர்களில் ஒரு பிரிவான பிகானிகளின் கூடாரங்கள். கூடாரங்களுக்குள் பெரியம்மை. திடமான ஆண்கள் பலர் வேட்டைக்குப் போயிருந்தார்கள். மேஜர் யூஜின் பேக்கரின் அமெரிக்கக் குதிரைப்படை மேட்டில் வந்து நின்றது. அவர்கள் தேடிவந்தது மவுன்டன் சீஃப் என்ற தலைவரின் கூட்டத்தை. கீழே இருந்ததோ, அரசோடு சமாதானமாக இருந்த ஹெவி ரன்னரின் கூட்டம். வழிகாட்டியாக வந்த ஜோ கிப், இது வேறு கூட்டம் என்று கத்தினான். வாயைத் திறந்தால் சுட்டுவிடச் சொல்லி அவனுக்குக் காவல் போட்டார் பேக்கர்.

ஹெவி ரன்னர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு காகிதம். இவர் நல்லவர், நம்மவர்களுக்கு நண்பர் என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்தது. ஜனவரி 1ஆம் தேதி அரசுத் தரப்பில் வந்த ஜெனரல் சல்லியோடு பேசிவிட்டு வந்தவர் அவர், மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படையை நோக்கி நடந்தார். சுட்டுவிட்டார்கள்.

கமலா, நான் முப்பது வருஷம் காகிதத்தோடு இருந்தவள். சான்றிதழ், பட்டா, உத்தரவு நகல். மஞ்சள் பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் நாலாய் மடித்த காகிதம். அதை அவர்கள் பிரித்து நீட்டும் விதம் என் கண்ணை விட்டுப் போகாது. ஒருமுறை ஒரு பெரியவர் இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒப்படைப் பட்டாவை நீட்டினார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு பதிவே இல்லை என்று சொன்னவள் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதையும் அதையும் ஒன்றாக வைக்கக் கூடாது, தெரியும். ஆனால் ஹெவி ரன்னர் நடந்துவந்த இடத்தைப் படித்தபோது அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கணக்கு. பேக்கர் கொடுத்த அறிக்கையில் செத்தவர்கள் 173: சண்டையிடக்கூடிய ஆண்கள் 120, பெண்களும் குழந்தைகளும் 53. அந்த மக்களுக்கான அரசு முகவர் பீஸ் தனியாக ஒரு கணக்கு அனுப்பினார். அவருக்கும் 173தான். ஆனால் போராடும் வயது ஆண்கள் 15, அதைத் தாண்டிய ஆண்கள் 18, பெண்கள் 90, குழந்தைகள் 50. கூட்டிப் பார். நான் இரண்டு முறை கூட்டினேன். மொத்தம் ஒன்றே, கட்டங்கள்தான் வேறு! படையில் செத்தது ஒரே ஒருவன். பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும், அம்மை இருப்பது தெரிந்ததும், ஆறு உறைந்து கிடந்த குளிரில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

படையில் இருந்த டோன் என்ற அதிகாரி, 1889இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் பெரிய பதவிக்கு மனுப் போட்டபோது இந்தக் கொலையைத் தன் சாதனையாக எழுதியிருக்கிறான். அந்தப் பூங்காவில் ஒரு மலைக்கே அவன் பெயர் இருந்தது. மாற்றியது 2022இல். நீயும் நானும் ஓய்வுபெற்ற பிறகு!

ஹெட்மாஸ்டர் சாருக்கான பதில் எனக்குக் கிடைத்தது 1913இல். கதை நடக்கும் காலத்துக்கு அடுத்த வருஷம். அந்த ஜோ கிப், கிழவனான பிறகு, பிணங்களைத் தானே எண்ணியதாகவும் 217 இருந்ததாகவும் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தான். ஹெவி ரன்னரின் பிள்ளைகள் இழப்பீடு கேட்டு மனுப் போட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். அந்தக் காகிதமும் போன காகிதம்தான். அதற்குப் பிறகு பிளாக்ஃபீட் எழுத்தாளர் ஒருவர் வேறு எப்படிச் சொல்வார்? சாகாத ஒருத்தனைக் கூட்டிவந்து, பாதிரியாரை எழுந்து போகவிடாமல் உட்காரவைத்துக் கேட்கச் செய்கிறார். ரத்தக்காட்டேரி வந்தது பயமுறுத்த இல்லை, கேட்கவைக்க. வருகிற சனிக்கிழமை இதைச் சொல்லப்போகிறேன். சார் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் சொல்வேன்.

ஒவ்வொரு ஜனவரி 23உம் அந்த மக்கள் ஆற்றங்கரைக்குப் போய் நினைவு கூர்கிறார்களாம். குளிர் இப்போதும் அதே குளிர்தானே.

புத்தகத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. மீனாட்சி அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஆமாம், அவரேதான். ஆனால் நீ பென்சிலால் எழுதியதையெல்லாம் முன்பே ஒரு நோட்டில் எடுத்துவைத்துவிட்டேன். அந்த ஆள் முதல்முறை தேவாலயத்தில் வந்து உட்காரும் பக்கத்தில், ஓரத்தில், "பாவம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். யாரைச் சொன்னாய்? அவனையா, பாதிரியாரையா? போனில் சொல்லாதே. எழுது.

உன்,
ராஜி