ஆண்டறிக்கை 2024–25: மேட்டுப்பாளையம் முதல் ஹில்குரோவ் வரை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வீட்டு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் மாடல் ரயில் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே பணத்தைப் பற்றி, தவிர்க்க முடியாத ஓர் இடத்தைத் தவிர, நான் பேசப்போவதில்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்றன. கூட்டம் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோமே தவிர, சாலிடர் கம்பி சூடாகும் வரைதான் பேச்சு. அதன் பிறகு எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்துவிடுகிறார்கள். நிர்வாகக்குழுவில் மாற்றம் ஏதுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் இருப்பது நல்ல செய்தி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

இனி நீலகிரி மலை ரயில் லேஅவுட், அதாவது பாதை, நிலையம், மலை எல்லாம் சேர்ந்த நம் மாடல் அமைப்பு.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். நாம் எடுத்துக்கொண்ட 1:87 அளவில் அதை அப்படியே செய்தால் பாதை மட்டும் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டரில் முடிகிற பாதை அது. மாடலில் அந்த ஏற்றம் 21 மீட்டருக்கும் அதிகம், அதாவது ஏழு மாடிக் கட்டடம். நமக்கு வாய்த்திருப்பதோ மின்விசிறி தலையில் இடிக்கும் ஓர் அறை. எனவே மேட்டுப்பாளையம் நிலையம், பவானிப் பாலம், கல்லாறு, ஒரு சுரங்கம், ஹில்குரோவ் என்று சுருக்கிக்கொண்டோம். குன்னூர் இல்லாதது குறை என்று இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குன்னூரில் ரயில் பின்னால் வந்து திசை மாறுவதைக் காட்டவேண்டும் என்ற அவர்களது ஆசை நியாயமானதே. ஆனால் அதற்கு இடத்தை யார் தருவது?

மலை ரயிலைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாடல் உலகில் மிகப் பரவலான 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், மேலை நாடுகளின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்காக ஏற்பட்டது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடைக்காது என்பதால் இந்திய ரயிலை மாடலாக்குகிறவர்கள் பெரும்பாலும் 16.5இலேயே ஓட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். மலை ரயில் ஓடும் மீட்டர்கேஜ் அப்படியல்ல. 1,000 மில்லிமீட்டரை வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். இதனால் நம் மேட்டுப்பாளையம் நிலையத்தில் ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. மலை ரயிலின் பாதை சரியான அகலத்தில் இருக்கிறது. பக்கத்து நடைமேடையில் வந்து நிற்கும் நீலகிரி எக்ஸ்பிரஸின் பாதை இளைத்துப்போய்த் தெரிகிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும்.

கல்லாறுக்கு மேல் பாதை கிட்டத்தட்ட 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. நம் லேஅவுட்டிலும் அதே சரிவு: 18 அடி ஓடி ஒன்றரை அடி ஏறவேண்டும். சாதாரண மாடல் இன்ஜின் இதில் பாதிச் சரிவுக்கே திணறிப்போகும். உண்மையான பாதையில் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்காக, இரண்டு பல்சட்டங்கள் பக்கம் பக்கமாக ஓடும்; ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் வராமல் மாறி மாறி நிற்கும். எந்த நேரத்திலும் ஏதேனும் ஒரு பல் பிடிப்பில் இருக்கவேண்டும் என்பதே அதன் சூட்சுமம். அந்தச் சட்டங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 44 மில்லிமீட்டர். 1:87இல் அது அரை மில்லிமீட்டர். அதைச் செய்ய முயல்வதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். நம் சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய அபூர்வமான தீர்மானங்களில் இதுவும் ஒன்று. சுவிஸ் மலை ரயில்களின் மாடல்களுக்காக ஜெர்மனியின் பெமோ நிறுவனம் செய்யும் ஒற்றைப் பல்பட்டையையே பதித்தோம்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. பட்டை நீளமாக வருவதில்லை. துண்டு துண்டாக ஒட்டவேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மயிரிழை மாறினாலும் இன்ஜினின் பற்சக்கரம் பல்லின் தலையில் ஏறி நின்றுவிடும். இன்ஜின் ஒரு துள்ளு துள்ளும், பின்னால் சறுக்கும். மழைக்காலம் முழுவதும் இந்தத் துள்ளலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவருடைய பக்கத்து வீட்டுக்காரர், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த ஒரு சிறிய பல்பட்டைத் துண்டை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து, இணைப்பின் மேல் வைத்து அழுத்தினார். கவிழ்த்த துண்டின் பற்கள் இரண்டு பக்கத்துப் பற்களிலும் சேர்ந்து உட்கார்ந்தபோது இடைவெளி தானாகவே சரியாகிவிட்டது. பசை காயும் வரை அதை அப்படியே கட்டி வைக்கச் சொன்னார். ஆலையில் எந்திரங்களுக்குப் பல்சட்டம் பூட்டும்போது செய்கிற வேலையாம். எல்லா இணைப்புகளையும் பிரித்து இந்த முறையில் மீண்டும் ஒட்டினோம். துள்ளல் நின்றது.

அடுத்து, பல் தொடங்கும் இடம். சமதளத்திலிருந்து வரும் பற்சக்கரம் முதல் பல்லில் எப்படி மாட்டும் என்று சொல்ல முடியாது. கல்லாற்றில் உண்மையான பல்சட்டத்தின் தொடக்கம் நிலையாகப் பதிக்கப்படாமல் ஸ்பிரிங்கின் மேல் இருக்கிறது. பற்சக்கரம் மோதினால் சற்று அமுங்கி, பல் சேர்ந்தபின் பழைய நிலைக்கு வரும். நூறாண்டுக்கு முன்பே யோசித்து வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ரயில் படம் எடுக்க வரும் அன்பர் ஒருவர், நம் சங்கத்தில் உறுப்பினர் அல்லர், தான் எடுத்திருந்த படங்களை அனுப்பி இதை விளக்கினார். அதைப் பார்த்து மெல்லிய வெண்கலத் தகட்டில் நம் மாணவர்கள் ஒரு நுழைவுத் துண்டைச் செய்தார்கள். நெயில் பாலிஷ் தூரிகையின் பிடியளவுதான் இருக்கும். மொத்த லேஅவுட்டிலும் எனக்கு மிகப் பிடித்த பாகம் அதுவே. பார்வையாளர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இன்ஜினைப் பற்றியும் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலையில் உருவான எக்ஸ் வகை நீராவி இன்ஜின்தான் இந்தப் பாதையின் அடையாளம். இரு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக சிலிண்டர்கள். கீழே இருப்பவை சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே இருப்பவை பற்சக்கரங்களுக்கு. நாம் வாங்கிய பழைய சுவிஸ் மாடலின் அடிச்சட்டத்தில் சக்கரங்களின் எண்ணிக்கை வேறு. மேல்கூட்டை முப்பரிமாண அச்சில் எடுத்து அதன் மேல் பொருத்தியிருக்கிறோம். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் குற்றம் தெரியாது. அதற்கு மேல் நெருங்குபவர்களைத் தடுக்கத்தான் கயிறு கட்டியிருக்கிறோம்.

பெட்டிகள் பித்தளைத் தகட்டில் செய்தவை. ஒரு மூலையைப் பற்றவைத்தால் முன்பு பற்றவைத்த மூலை கழன்று விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் நகைப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு பட்டறையை நடத்தும் பெரியவரிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். அவர் செய்தது இவ்வளவுதான்: ஏற்கெனவே ஒட்டிய மூலையில் ஈரத்துணியைச் சுற்றினார், சேரவேண்டிய இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார், ஈயத்தைத் தொடாமல் பித்தளையை மட்டும் சூடாக்கினார். சூடேறிய பித்தளை ஈயத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. “ஐயா, நீங்கள் ஈயத்தைச் சுடுகிறீர்கள். அது உருகும், ஒட்டாது” என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பேத்தியை அழைத்து வரலாமா என்று மட்டும் கேட்டார்.

மலை ரயிலில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருந்து தள்ளிக்கொண்டுதான் ஏறும். தள்ளும்போது எடை குறைந்த பெட்டி வளைவில் தூக்கிக்கொண்டு தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் இந்த அளவுப் பெட்டிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். மீட்டர்கேஜுக்கு அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். டயர் கடையில் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் ஐந்து கிராம் எடைகள் பெட்டியின் தரைக்கு அடியில் கச்சிதமாக ஒட்டிக்கொள்கின்றன. கடைக்காரர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பட்டையை இனாமாகவே கொடுத்தார்.

மின்சார வேலை முழுவதும் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினரின் பொறுப்பு. டிஜிட்டல் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் உள்ள டிகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவருடைய சோதனை எளியது, இரக்கமற்றது. ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே ஓர் இடத்தில் வைப்பார். அந்த நொடியிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அந்த இடத்துக்கு ஒயர் போதவில்லை என்று பொருள்; அங்கே வேலையை நிறுத்திப் புதிய இணைப்பு கொடுத்தாக வேண்டும். சுரங்கத்துக்குள் நாணயம் வைக்கக் கை நுழையவில்லை என்று மலையின் ஒரு பக்கத்தையே அறுக்க வைத்துவிட்டார். அந்தத் திறப்பு இப்போது தடம் புரண்ட பெட்டியை எடுக்க உதவுகிறது என்பதால் யாரும் அவரைக் குறை சொல்வதில்லை.

மலை, காடு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கம்பி வலை, காகிதக் கூழ், காய்ந்த டீத்தூள், சாயமேற்றிய பஞ்சுத்தூள். ஜல்லிக்குச் சலித்த மணல். அதன்மேல் நீர் கலந்த ஃபெவிகாலில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சொட்டு மருந்துக் குழாயால் ஊற்றினோம். மேற்கூரையில் ஒழுகியதால் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பலகை ஊதிவிட்டது. வீட்டு உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம். சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசவேண்டிய அந்த ஓரிடம் இது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. மாடல் ரயிலும் அந்த வகைக்குள்தான் வருகிறது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த நடவடிக்கை என்கிறார்கள். மீட்டர்கேஜ் பல்பட்டையை இங்கே யாரும் செய்யவில்லை என்பதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? பொருளாளரின் கணக்கில் ‘பாகங்கள்’ என்ற வரி உங்களைத் திடுக்கிட வைத்தால், அதற்கான விளக்கம் இதுவே. வரும் ஆண்டில் பித்தளைப் பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்துகொள்ள முயல்கிறோம்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் ஒரு பள்ளி அரங்கில் கண்காட்சி நடத்தினோம். மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நெடுநேரம் கயிற்றருகே நின்றுவிட்டு, “தம்பி, பிரேக்ஸ்மேன்கள் எங்கே?” என்று கேட்டார். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் போடும் ஊழியர் நிற்பார். பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாது, கொடி காட்டி வரிசையாகச் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான். மறுநாள் காலைக்குள் மாணவர்கள் இரண்டு சென்டிமீட்டர் உயர மனிதர்களை நிறுத்தி, கையில் பச்சைக் கொடியும் ஒட்டிவிட்டார்கள். பெரியவர் மறுநாளும் வந்தார். ஒருவர் திரும்பி நிற்கும் கோணம் தவறு என்று சொல்லி அதையும் திருத்தவைத்தார்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். பல்பட்டையைச் சரிசெய்த ஃபிட்டர், படம் அனுப்பிய சென்னை அன்பர், நகைப் பட்டறைப் பெரியவர், டயர் கடைக்காரர், பிரேக்ஸ்மேன்களைக் கேட்டவர். இந்த ஐவரில் ஒருவர்கூட நம் பதிவேட்டில் இல்லை. நம் விதிப்படி சந்தா கட்டாதவர் அறைச் சாவியை வாங்க முடியாது, கண்காட்சியில் இன்ஜினை ஓட்டவும் முடியாது. அதாவது இந்த மலையில் ரயில் ஏறக் காரணமானவர்கள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று பார்க்கவேண்டும். இது முறையல்ல என்பது என் கருத்து. சந்தா கட்டாமல் உள்ளே வர அனுமதித்தால் நாளை யாரும் சந்தா கட்டமாட்டார்கள் என்று நிர்வாகக்குழுவில் இருவர் சொன்னார்கள். சந்தா கட்டிவிட்டு ஆண்டு முழுவதும் வராதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அவர்களைவிட இந்த ஐவரால் சங்கத்துக்கு நட்டம் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே கீழ்க்கண்ட தீர்மானத்தை முன்மொழிகிறேன்: “சங்கத்தின் பணிகளுக்குத் தம் தொழிலறிவாலும் உழைப்பாலும் உதவியவர்களை, நிர்வாகக்குழுவின் பரிந்துரையின் பேரில், சந்தா இன்றித் துணை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. லேஅவுட்டை இயக்கும் உரிமை உண்டு.” வழிமொழிபவர் கை உயர்த்தலாம். வாக்கெடுப்பு முடிந்ததும் பொருளாளர் கணக்கை வாசிப்பார். அதன் பிறகு காபி. நம் லேஅவுட்டில் மலை ஏறும் 7.10 வண்டியை இன்று ஓட்டப்போவது நகைப் பட்டறைப் பெரியவரின் பேத்தி.

இவண்,
செயலாளர்