உள்ளே குழாய் போட முன் உறை இருக்கிறதா என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருக்கும் ஆண்களுக்குச் சலம் அடக்க முடியாமல் போனால், ஒன்றில் பம்பர்ஸ், இல்லாவிட்டால் சலப்பைக்குள் விடும் கதீற்றர் குழாய் என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். வேறு வழியும் உண்டு, ஆணுறுப்பின் மேல் மாட்டும் உறை. அது பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன்.

பாரிசவாதம் வந்து கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த என் கணவருக்குச் சலம் அடைத்திருக்கவில்லை, அடக்கத்தான் முடியவில்லை. படுக்கை விரிப்பு மாற்றி மாளாது என்று குழாய் போட்டார்கள். நேர்ஸ்மாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இரவில் அவர்கள் எத்தனை கட்டிலுக்குத்தான் ஓடுவார்கள்? ஆனால் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, பையில் சலம் கலங்கி நாறியது. குழாயை இழுக்கிறார் என்று வலது கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அவருக்கு வேலை செய்த ஒரே கை அதுதான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பக்கத்தில் இருக்க முடியவில்லை.

பிறகு வந்த டொக்டர் ஒருவர்தான் குழாயை எடுத்துவிட்டு கொண்டம் கதீற்றர் போடச் சொன்னார். மெல்லிய உறை, வெளியே மாட்டுவது. அதன் நுனியில் இருந்து ஒரு குழாய் பைக்குப் போகும். உடம்புக்குள் எதுவும் போகாது. உள்ளே குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சலத்தில் கிருமி சேருகிறதாம். அமெரிக்காவில் ஆண் நோயாளிகளிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உறை போட்டவர்களுக்கு, அதிலும் மறதி நோய் இல்லாதவர்களுக்கு, இந்தத் தொல்லை குறைவாக இருந்தது.

சரி, இது எல்லோருக்கும் பொருந்தாது. சலம் அடைத்தவருக்கு உள்ளே குழாய்தான் வேண்டும். மாட்டுவதிலும் கவனம் வேண்டும். சோப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனியில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு உருட்டி ஏற்ற வேண்டும். கழன்றுவிடும் என்று சாதாரண பிளாஸ்டரைச் சுற்றிவரக் கட்டவே கூடாது, இரத்த ஓட்டம் நின்றுவிடும். தினமும் கழற்றித் தோலைப் பார்த்துப் புதிதாக மாட்ட வேண்டும்.

எங்களுக்குப் பெரும்பாடு சைஸ்தான். சுமார் 25 மில்லிமீற்றரில் இருந்து 40 வரை பல சைஸ்களில் வருகிறது. நான் போன பாமசியில் ஒன்றுதான் இருந்தது, அது பெரிது. அவர் திரும்பிப் படுத்தாலே கழன்றது. கவுண்டரில் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒரு மகளையும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மருந்து வாங்குவதில் என்ன கூச்சம், பிள்ளை?

சுகாதார அமைச்சிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஆண்கள் வாட்டுகளில் இந்த உறைகளை எல்லாச் சைஸிலும் வையுங்கள். பைக்கட்டுக்குள் இருந்த தாளில் எல்லாம் ஆங்கிலம். தமிழிலும் சிங்களத்திலும் படம் போட்டு ஒரு பக்கம் அச்சடித்துக் கட்டிலடியில் இருக்கும் எங்களுக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06