பிறந்த அன்றே போடும் ஊசியின் கதை தமிழில் வர, உங்கள் பங்கு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் கல்லீரல் புற்றுநோயையும் ஆராய்ந்த மருத்துவர் பால்மர் பீஸ்லியின் பணியை, கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும் எளிதாகப் படிக்கும்படி ஒரு படப்புத்தகமாகத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறோம். கூடவே ஒலிப்பதிவும் வரும். எழுத்து வேலை முடிந்துவிட்டது. படம் வரையவும் அச்சிடவும் கையில் இருக்கும் பணம் போதவில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

அவர் கதையை ஏன் சொல்ல வேண்டும்? 1970-களில் கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரின் ரத்தத்தில் இந்தக் கிருமி தென்பட்டது. ஆனால் கிருமியால் புற்று வந்ததா, புற்று வந்து நலிந்த உடம்பில் கிருமி ஒட்டிக்கொண்டதா? நோய் வந்தபின் சோதித்தால் இதற்கு விடை கிடைக்காது. நல்ல உடம்போடு இருக்கும்போதே ரத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். அமெரிக்கரான பீஸ்லி தைவானுக்குப் போய் அதைத்தான் செய்தார். அரசு ஊழியர்களான 22,707 ஆண்களைச் சோதித்ததில் 3,454 பேரிடம் கிருமி இருந்தது. அரசு ஊழியர்களுக்குக் காப்பீடு உண்டு என்பதால், யார் இறந்தாலும் பதிவேட்டில் தெரிந்துவிடும். 1981-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கல்லீரல் புற்று கண்டவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர், முன்பே கிருமி இருந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். கிருமி இல்லாதவர்களைவிட ஆபத்து இருநூறு மடங்குக்கும் மேல்!

இந்தக் கணக்குக்குப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். 41 மனித உருவங்கள், ஒன்று மட்டும் வேறு நிறத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

அப்புறம் பீஸ்லியும், அவர் மனைவியும் சக ஆய்வாளருமான லூ-யூ ஹுவாங்கும், கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வழியைப் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பிறந்தவுடனே தடுப்பூசியும், கிருமியை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம் என்று அவர்களின் ஆய்வு காட்டியது. தைவான் 1984-ல் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கியது. அதன்பின் 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 1997-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் குறைக்க முடியும் என்று உலகம் கண்கூடாகப் பார்த்தது அப்போதுதான்.

இத்தனைக்குப் பிறகும், 2022-ல் 25.4 கோடிப் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்ததாகவும், அந்த ஓராண்டில் 11 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அந்த அவசரம் வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வரைவை ஒரு கர்ப்பிணியிடம் படிக்கக் கொடுத்தோம். கிருமி தனக்கு இருப்பது அவருக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவந்திருந்தது. எட்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அப்போ என் குழந்தைக்கு நானே நோயைக் கொடுத்துடுவேனா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருந்தது, புத்தகத்தில் இல்லை. அன்றே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினோம். இப்போது அது, "இது உங்கள் தவறு அல்ல, உங்களுக்கும் இது குழந்தையாக இருந்தபோதே வந்திருக்கலாம். தடுக்க வழி இருக்கிறது" என்று தொடங்குகிறது. அவர் மறுபடி படித்துப் பார்த்து, சரி என்றார். மருத்துவர்களும் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துவிட்டார்கள்.

உங்கள் பணம் ஓவியரின் ஊதியத்துக்கும், அச்சுக்கும், ஒலிப்பதிவுக்கும், பிரதிகளை அனுப்பும் செலவுக்கும் மட்டுமே போகும். குழுவில் யாரும் ஊதியம் வாங்குவதில்லை. புத்தகம் விற்பனைக்கு அல்ல. மகப்பேறு மருத்துவமனைகளுக்கு இலவசமாகப் போகும். வரவு செலவுக் கணக்கை நன்கொடை தந்த அனைவருக்கும் அனுப்பிவைப்போம்.

சின்னத் தொகை, பெரிய தொகை என்று பார்க்க வேண்டாம். பணம் தர இயலாதவர்கள் குரல் தரலாம், மெய்ப்பு பார்க்கலாம். உலகக் கல்லீரல் அழற்சி நாளான ஜூலை 28-க்குள் முதல் அச்சுப் பிரதிகள் கைக்கு வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நன்கொடை அனுப்பும்போது, எந்த மருத்துவமனைக்குப் பிரதிகள் போக வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
புத்தகக் குழுவினர்