14 ஓட்டு

ஏப்ரல் 27, 2025

அன்புள்ள மாப்ளே,

பொங்கலன்று நீ அனுப்பிய ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பாப்பாவுக்கு இடம் அமைந்ததில் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆவணியில் முகூர்த்தம் என்றால் தேதியை உடனே சொல். இங்கே அறுப்புத் தொடங்குமுன் வந்துவிட்டுத் திரும்பிவிடலாம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. லாலாவிடம் நான் கேட்டதாகச் சொல், வாங்கிய பணத்தைக் கேட்டதாகவும் சொல். இங்கே எல்லோரும் சுகம். இனி விஷயம்.

நான் எலெக்‌ஷனில் ஜெயித்துவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? மெஸ் செக்ரட்டரி எலெக்‌ஷன் மாதிரி இல்லையடா இது. இந்தத் தடவை என் ஓட்டைக்கூட நான் எனக்குப் போடவில்லை, ஆனாலும் 14 விழுந்திருக்கிறது. பதிவானதே 23தான். இதில் பெரிய கூத்து, நான் நிற்கவே இல்லை. ஓட்டுச்சீட்டில் அந்தப் பதவிக்கு யார் பெயரும் அச்சாகியிருக்கவில்லை, ஒரு காலிக் கோடு மட்டும்தான் இருந்தது. அதில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். பதினாலு பேர் என் பெயரைப் பதினாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதைப் படித்தால் ஏதோ மாத்திரை பெயர் மாதிரி இருக்கிறது. கிளார்க் அம்மா எல்லாவற்றையும் செல்லும் என்று எண்ணிவிட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன், "டவுன்ஷிப் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன்" என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கம்பெனி வேலை போயிடுச்சாப்பா?" என்றாள். குடையைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரிங் வேலையை மேற்பார்வை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. நீ போய் விளக்கிச் சொல். ஊராட்சி மன்றம் மாதிரிதான். ஆனால் மாலை கிடையாது, கார் கிடையாது. ஒரு கூட்டத்துக்குத் தருகிற காசு பெட்ரோலுக்கும் காபிக்கும் சரியாகப் போகும்.

டவுன்ஷிப் என்றால் நம்மூர் பில்டர் விளம்பரத்தில் வருகிறதே, அது இல்லை. 1785இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டு, நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளந்துகொண்டே மேற்கே போயிருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் 36 சதுரம், சதுரத்துக்கு 640 ஏக்கர். எங்கள் மாநிலமான மினசோட்டாவில் 16ஆம் சதுரமும் 36ஆம் சதுரமும் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். 1862இல் இன்னொரு சட்டம் வந்தது. கால் சதுரம், அதாவது 160 ஏக்கர், அங்கேயே ஐந்து வருஷம் குடியிருந்து பாடுபட்டால் உனக்கு. அந்த நிலத்தில் முன்பு இருந்த டக்கோட்டா மக்களை அதற்கு அடுத்த வருஷமே மாநிலத்தை விட்டு விரட்டினார்கள் என்பதை இங்கே யாரும் காபிக் கடையில் பேசுவதில்லை. சதுரத்தின் ஓரம்தான் சாலை. மைலுக்கு ஒன்று, நூல் பிடித்த மாதிரி. ரோச்செஸ்டரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் வந்தால் எங்கள் கட்டம். மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். நடுவில் எங்கள் பழைய வீடு.

இந்த 36 சதுரத்துக்கும் மூன்று சூப்பர்வைசர், ஒரு கிளார்க், ஒரு பொருளாளர். சாலை, மயானம், பக்கத்து ஊர் தீயணைப்பு வண்டிக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் எங்கள் தலையில். முள்செடி மண்டிவிட்டால் நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் விடுவதும் நாங்கள்தான். வருஷா வருஷம் மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். வந்தவர்கள் கையைத் தூக்கி, அடுத்த வருஷம் எவ்வளவு வரி வசூலிப்பது என்று தீர்மானிப்பார்கள். தன் வரியைத் தானே கை தூக்கி ஏற்றிக்கொள்கிற ஜனங்களை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றியது. இன்னொரு வேடிக்கை கேள். மூன்று பேரில் இரண்டு பேர் சேர்ந்தாலே அது கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை. அதனால் நானும் இன்னொரு சூப்பர்வைசரும் காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் வானிலை பேசலாம், மாட்டைப் பேசலாம், சாலையைப் பேசக்கூடாது. கதவைத் திறந்து ஊரை அழைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி பெரியவருடையது. நீ வந்திருந்தபோது உன்னை டிராக்டரில் ஏற்றி, ரிவர்ஸ் கியரில் விட்டுவிட்டுச் சிரித்தாரே, அவர்தான். வயது 78. 1992 மார்ச்சிலிருந்து இந்த மார்ச் வரை 33 வருஷம், மூன்று மூன்று வருஷமாகப் பதினோரு தடவை. அவரும் நிற்காமல் வந்தவர்தான். 1991 அக்டோபர் கடைசியில் ஒரு பனிப்புயல். இன்றைக்கும் அதை வைத்துத்தான் வயது சொல்கிறார்கள், நாம் தனுஷ்கோடிப் புயலைச் சொல்வது போல. தெற்குப் பக்கம் பனிக்கட்டி மழையாகக் கொட்டி மின்கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. பெரியவர் யாரும் கேட்காமலே தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் வீடு வீடாக வழி வெட்டியிருக்கிறார். அடுத்த மார்ச்சில் காலிக் கோட்டில் அவர் பெயர்.

இந்த வருஷம் முடியவில்லை. இடுப்பு மூட்டு போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் டென்வரில். 480 ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் ஒரு அறைக்குப் போகிறார். அமெரிக்க விவசாயியின் சராசரி வயதே 58 என்று 2022 கணக்கெடுப்பு சொல்கிறது. எங்கள் கூட்டத்துக்கு வந்து பார்த்தால் அது கூடக் குறைச்சல் என்பாய். நான்தான் அங்கே வாலிபன். எனக்கு விழுந்த 14க்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: கம்ப்யூட்டர் தெரியும், முழங்கால் மடங்கும்.

பதவியேற்ற அன்று பெரியவர் ஒரு ஷூ டப்பாவைக் கொடுத்தார். உள்ளே சின்னச் சின்ன நோட்டுகள். எந்தச் சாலையில் எந்த வருஷம் எத்தனை லோடு கிராவல், எந்தக் குழாய்ப்பாலம் எந்த வெள்ளத்தில் போனது, எல்லாம் பென்சிலில். நான் உட்கார்ந்து எக்ஸெலில் ஏற்றினேன், உனக்குத் தெரியுமே என் வியாதி. ஏற்றி முடித்து வரிசைப்படுத்தினால், கடைசியில் ஒரு சாலை. 33 வருஷத்திலும் கடைசி. அது அவர் வீட்டுச் சாலை.

இங்கே மார்ச் கடைசி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. மேலே ஒரு சாண் உருகும், அடியில் மூன்றடி நாலடி பாறையாக உறைந்தே கிடக்கும். உருகிய தண்ணீர் இறங்க இடமில்லாமல் சாலை பாயசம் ஆகிவிடும். லாரிகளுக்குப் பாரக் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். ஆனால் பால் வண்டியை நிறுத்த முடியாது, மாடு கேட்காது. ஆகவே கிராவல் முதலில் பால் பண்ணைச் சாலைக்கு, அப்புறம் ஸ்கூல் பஸ், அப்புறம் மற்றவை. கடைசியில் மிச்சமிருந்தால் அவருக்கு. அப்படி ஒரு மார்ச் ராத்திரியில் வீட்டம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் ஒரு மைல் தள்ளி முக்கிலேயே நின்றுவிட்டது, உள்ளே வந்தால் புதைந்துவிடும். பெரியவர் மனைவியைப் போர்வையில் சுற்றி டிராக்டர் கேபினில் உட்காரவைத்து முக்கு வரை கொண்டுபோயிருக்கிறார். அந்த அம்மா பிழைத்து மூன்று வருஷம் இருந்தார். பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பழைய டிராக்டரின் ஹீட்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதைப் பற்றித்தான் சொல்வார்.

எனக்கு இது ஆறவேயில்லை, மாப்ளே. கேட்டுவிட்டேன். ஊர்ப் பணத்தை எடுத்துத் தன் வாசலில் கொட்டிக்கொள்வது தப்பு, சரி. ஊரில் ஒருத்தியான தன் மனைவிக்குச் சேர வேண்டியதைத் தன் நல்ல பெயருக்காகக் கொடுக்காமல் விடுவது மட்டும் நியாயமா? அந்த அம்மாவும் வரி கட்டியவர்தானே? பெரியவர் காபியை ஊதிக் குடித்துவிட்டு, "மற்ற வீடுகளிலும் மனைவிகள் இருந்தார்கள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. (உங்கள் அப்பா தலைவராக இருந்தபோது முதல் சிமெண்டு ரோடு யார் வீட்டு வாசலில் முடிந்தது என்று நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.)

வேலித் தகராறு வந்தாலும் சூப்பர்வைசர்கள்தான் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், சட்டமே அப்படி. நம்மூர் வரப்புச் சண்டைதான், கம்பி கட்டியிருக்கும், அவ்வளவு வித்தியாசம். 90களில் ஒரு வழக்கில் பெரியவர் டேப் பிடித்து அளந்து பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இங்கே எதிரில் வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள், ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம். அந்த வேலிக்காரர் ஆறு வருஷம் பெரியவருக்கு விரலைத் தூக்கவில்லையாம். ஒரே சர்ச், ஒரே காபிக் கடை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஆறு வருஷம் என்று எண்ணி வைத்திருக்கிறார் பார்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஒரு சதுரத்தில் நாலு குடும்பம். இன்றைக்கு எங்கள் டவுன்ஷிப் முழுக்க எண்பது சொச்சம் வீடு. சாலையின் நீளம் ஒரு அடி குறையவில்லை. வண்டியோ கனத்துக்கொண்டே போகிறது, மக்காச்சோளம் ஏற்றும் செமி லாரி ஒன்று நிறைபாரத்தில் 36 டன். சோளம் புஷலுக்கு, அதாவது 25 கிலோவுக்கு, நாலு டாலரைச் சுற்றியே நிற்கிறது. 2012 வறட்சியில் எட்டைத் தாண்டியதைப் பற்றி எங்கள் ஆட்கள் பழைய காதலியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். சீனாவோடு வரிச் சண்டை, சோயாவை யார் வாங்குவார்கள் என்று தெரியாது. இந்த நிலையில் வரியை ஏற்று என்று எவன் கை தூக்குவான்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. குடியிருப்பு இல்லாத, எப்போதாவது வண்டி போகிற சாலையை "குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலை" என்று தீர்மானம் போட்டுவிடலாம். இரண்டு முனையிலும் பலகை நட்டுவிட்டால் போதும், போகிறவர் சொந்தப் பொறுப்பில் போக வேண்டியது. ஏறக்குறைய கைகழுவுவதுதான். பெரியவர் காலி செய்ததும் அவர் சாலையில் ஒரு வீடும் மிச்சமில்லை.

போன வாரக் கூட்டத்தில் அதை எடுத்தது யார் என்கிறாய்? பெரியவரே. பின் வரிசையில் தடியை ஊன்றி எழுந்து, இனி அந்த இரண்டு மைலுக்குக் கிராவல் கொட்டாதீர்கள், தீர்மானம் போடுங்கள் என்றார். குத்தகைக்காரர் துள்ளி எழுந்தார். நாலாயிரம் ஏக்கர் செய்கிறவர், கெட்டவர் இல்லை. "அக்டோபரில் மழை பெய்தால் நான் எப்படிச் சோளத்தை வெளியே எடுப்பது? அந்த நிலத்துக்கும் வரி கட்டப்படுகிறதுதானே?" அதுவும் நியாயம்தான். இன்னொரு சூப்பர்வைசர் பெரியவர் பக்கம், மூன்றாமவர் குத்தகைக்காரர் பக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது சாலையே நினைவில் இல்லை. அவர் வாசலில் ஒரு பலகை இருக்கும், நீ போட்டோ எடுத்தாயே, நூறு வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பண்ணைகளுக்குக் கொடுப்பது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இந்தப் பலகையை நடுவது நானா?

"அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்" என்றேன்.

நான் சொன்னேனடா. மெஸ் கமிட்டியில் வார்டன் இதைச் சொன்னபோதெல்லாம் மேஜையைத் தட்டியவன் நான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டம் மே 13. சாயங்காலம் உங்கள் அப்பா திண்ணைக்கு வந்ததும் கேட்டுச் சொல், அவராக இருந்தால் என்ன செய்வார் என்று. என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும், ஆனாலும் கேள். அம்மாவிடம் இந்தக் கிராவல் கதையெல்லாம் வேண்டாம், ஜெயித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்.

தேதி சொல்ல மறக்காதே.

உன்
சோடாபுட்டி

பி.கு.: இன்று காலை தபால் எடுக்கப் போனபோது குத்தகைக்காரர் எதிரே வந்தார். நான் கையையே தூக்கினேன். அவருடைய பத்து விரலும் ஸ்டீயரிங்கில் இருந்தன.